கேஷை க்ளியர் பண்ணிப் பார்த்தீங்களா?

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். அதனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. வந்ததும் வராததுமாய்ப் புலம்பலா என்று ஓடிவிடாதீர்கள். இது தொழில் சார்ந்த புலம்பல். பொட்டி தட்டும் மக்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கு, அடுத்த தடவை யாராவது கஸ்டமர் கேரில் கதை விட்டால் திருப்பிக் கேட்க நாலு கேள்வியாவது கிடைக்கும் :-)

விஷயம் இதுதான். ஏதோ ஒரு வெப்சைட்டில் லாகின் செய்து, ஒரு ஃபைலை டவுன்லோட் செய்கிறீர்கள். இறங்குகிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது. இல்லையென்றால் பாதியில் நின்றுவிடுகிறது. அதுவும் இல்லையென்றால் பெயர் கன்னாபின்னாவென்று வருகிறது. புகார் கொடுத்தால் வருகிற பதில்கள் ஊர் உலகத்துக்கே பொது.

"கேஷை க்ளியர் பண்ணிப் பாருங்க."

"வேற பிரவுசர்ல ட்ரை பண்ணுங்க."

"உங்க நெட் ஸ்லோவா இருக்கும் சார்."

"எங்க சைடுல நல்லாத்தான் வேலை செய்யுது."

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நான் பார்த்த வரையில், இந்த நாலு பதிலும் சொல்லப்பட்ட இடங்களில் பெரும்பாலும் தப்பு சர்வர் பக்கம்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். அந்த அஞ்சு நிமிஷத்தை மிச்சம் பிடிப்பதற்காக அடுத்தவரின் அரை நாளைக் காவு வாங்குகிறோம். இதை நம் துறையில் யாரும் ஒரு தப்பாகவே நினைப்பதில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், பிறகு விளக்கத்துக்குப் போகலாம்.

ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்பவர்கள் பே ஸ்லிப் எடுக்க ஒரு வெப் அப்ளிகேஷன் உண்டு. வேறொரு டீம் கட்டியது, பராமரிப்புக்கு எங்களிடம் வந்தது. வந்த முதல் வாரமே ஒரு டிக்கெட். அதே நபர் ஏற்கெனவே இரண்டு தடவை புகார் கொடுத்து, இரண்டு தடவையும் "கேஷ் க்ளியர் செய்யச் சொல்லப்பட்டது" என்று மூடப்பட்டிருந்தது. மூன்றாவது தடவை அவர் எழுதியிருந்தார்: "சார், பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு பேங்க்ல லோன் கேட்டிருக்கேன். மூணு மாச ஸ்லிப் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிரவுசிங் சென்டர்ல நாலு தடவை காசு குடுத்துட்டேன், ஃபைல் டேமேஜ்னே வருது."

அவர் அனுப்பிய ஃபைலை வாங்கிப் பார்த்தேன். 14 கேபி. அதே புகாரை வேறு இருவர் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஃபைலையும் பார்த்தால் அதுவும் 14 கேபி. வேறு ஆள், வேறு மாதம், வேறு சம்பளம், ஆனால் ஃபைல் அளவு மட்டும் அச்சு அசலாய் ஒன்று. நோட்பேடில் திறந்தேன். உள்ளே பிடிஎஃப்பே இல்லை. "தயவுசெய்து லாகின் செய்யவும்" என்று சொல்லும் ஹெச்டிஎம்எல் பக்கம், பே ஸ்லிப் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது!

காரணம் இதுதான். பின்னால் இரண்டு சர்வர்கள். லாகின் விவரத்தை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் தனியாக வைத்துக்கொள்ளும். எந்த சர்வரில் லாகின் செய்தாரோ அதே சர்வருக்கு அவரைத் திருப்பி அனுப்பும்படி லோட் பேலன்சரில் விதி போட்டிருந்தார்கள். டவுன்லோட் முகவரிக்கு மட்டும் அந்த விதி இல்லை. அதனால் டவுன்லோட் கோரிக்கை இரண்டில் ஒரு தடவை அடுத்த சர்வருக்குப் போகும். அது "யார் நீ?" என்று கேட்டு லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். பக்கத்தில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட், வந்தது என்னவென்று பார்க்காமல், லாகின் பக்கத்தைக் கொண்டுபோய் பிடிஎஃப் என்று பெயர் வைத்து சேமித்துவிடும்.

இப்போது கேஷ் க்ளியர் மகிமையைப் பாருங்கள். கேஷை அழித்துவிட்டு மறுபடி முயன்றால் பாதிப் பேருக்கு சரியாக வந்துவிடும்! அழிக்காமல் மறுபடி முயன்றாலும் அதே பாதிப் பேருக்கு வந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. டிக்கெட் லாகில் மட்டும் "கேஷ் க்ளியர் செய்தபின் சரியானது" என்று வரிசையாய் வெற்றிக் கணக்கு. உண்மையான ஓட்டை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. இந்தப் பதிலை நான் வெறுப்பதற்கு முதல் காரணம் இதுவே. அது பலிக்காதபோது செய்யும் கெடுதலைவிட, பலித்த மாதிரி தெரியும்போது செய்யும் கெடுதல்தான் அதிகம்.

(அவருக்கு ஸ்லிப் வியாழக்கிழமை சாயங்காலமே மெயிலில் போய்ச் சேர்ந்தது. விதியை மாற்ற ஆன நேரம் பத்து நிமிஷம்.)

சரி, டவுன்லோட் என்றால் என்ன நடக்கிறது? மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் வெறும் பொருளை மட்டும் தருவதில்லை. மேலே ஒரு சீட்டு ஒட்டித் தருகிறது. நல்லபடியாய் முடிந்ததா என்பதற்கு ஒரு எண் (200 என்றால் ஓகே, 404 என்றால் இல்லை, 500 என்றால் கடையே தீப்பிடித்திருக்கிறது). உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு கன்டென்ட்-டைப். எடை எவ்வளவு என்பதற்கு கன்டென்ட்-லெங்த். என்ன பெயரில் சேமிக்க வேண்டும் என்பதற்கு கன்டென்ட்-டிஸ்பொசிஷன். பிரவுசர் அந்தச் சீட்டை நம்பித்தான் எல்லாம் செய்கிறது. டவுன்லோட் கோளாறுகளில் பாதிக்கு மேல், சீட்டில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாத கோளாறு. சுருக்கமாய்ச் சொன்னால் சர்வர் பொய் சொல்கிறது. நான் பார்த்த பொய்களை வரிசைப்படுத்துகிறேன்.

முதல் பொய்: "எல்லாம் ஓகே"

மேலே சொன்ன பே ஸ்லிப் கதை இந்த வகை. உள்ளே லாகின் பக்கம், சீட்டில் 200. சில புண்ணியவான்கள் டேட்டாபேஸ் செத்துப்போனாலும் 200 போட்டு, உள்ளே "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். பிரவுசர் பாவம், அந்த வரியை எக்செல் ஃபைலாக சேமித்துக் கொடுக்கும். சர்வர் நேர்மையாக 401 அல்லது 500 சொல்லியிருந்தால், ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டு "லாகின் காலாவதி ஆகிவிட்டது" என்று காட்டியிருக்கலாம்.

இரண்டாவது பொய்: உள்ளே கலப்படம்

ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தலையில் ஒரு முத்திரை உண்டு. பிடிஎஃப் என்றால் முதல் நாலு பைட் 37, 80, 68, 70. ஜிப் என்றால் முதல் இரண்டு பைட் 80, 75. இப்போதைய எக்செல், வேர்ட் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான், அவற்றுக்கும் அதே முத்திரை. திறக்காத ஃபைல் கையில் கிடைத்தால் முதல் வேலையாக அந்த முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பிஹெச்பியில் பிரபலமான வியாதி ஒன்று. ஏதோ ஒரு கன்ஃபிக் ஃபைலைப் பழைய விண்டோஸ் நோட்பேடில் திருத்தி சேமித்திருப்பார்கள். அதன் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட் ஒட்டிக்கொண்டிருக்கும். பிஓஎம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று பைட்டும் டவுன்லோட் ஆகிற படத்துக்கும் ஜிப்புக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நிரலின் கடைசியில் விட்ட ஒரு வெற்று வரிக்கும் இதே வேலைதான். இறங்கிய ஃபைல் மூலத்தைவிட மூன்று பைட் அதிகம் என்றால் குற்றவாளி யாரென்று கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று ஜாவாஸ்கிரிப்ட் வழி. வருகிற பதிலை ப்ளாப் என்று வாங்காமல் டெக்ஸ்ட் என்று வாங்கிவிடுவது. யுடிஎஃப்-8 விதிக்கு ஒத்துவராத ஒவ்வொரு பைட்டையும் பிரவுசர் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் இடத்தில் 239, 191, 189 என்று மூன்று பைட்டை வைக்கும். கம்ப்ரெஸ் ஆன ஃபைல் என்றால் இப்படி வீங்கி வீங்கி கிட்டத்தட்ட இரண்டு மடங்குகூட ஆகும். மூலத்தைவிடப் பெரிதாக இறங்கும் ஃபைலுக்கு நெட்வொர்க்கைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? வழியில் பைட் தொலையலாம். வழியில் பைட் குட்டி போடுமா?

இந்த இடத்தில் பிஎன்ஜி படங்களை வடிவமைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. 1996-ல் வந்த அந்த வடிவத்தின் முதல் 8 பைட்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. சும்மா போட்ட எண்கள் இல்லை. முதல் 137, எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய இணைப்புகளைக் காட்டிக்கொடுக்க. 13-ம் 10-ம் ஜோடியாக வருவது, எஃப்டிபியை டெக்ஸ்ட் முறையில் வைத்துப் படத்தை அனுப்பி வரி முடிவுகளைக் கெடுத்தால் மாட்டிக்கொள்ள. 26, டாஸ் காலத்தில் ஃபைலைத் திரையில் தட்டினால் குப்பை கொட்டாமல் நிற்க. கடைசி 10, தலைகீழாக நடக்கும் வரி மாற்றத்தைப் பிடிக்க. வழியில் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசித்து, கெட்டால் உடனே தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். நாமோ கெட்டுப்போன பிறகும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறோம்.

மூன்றாவது பொய்: எடை

கன்டென்ட்-லெங்த்தில் 10 எம்பி என்று எழுதிவிட்டு 8 எம்பி அனுப்பினால் பிரவுசர் 'ஃபெயில்டு' என்று சொல்லிவிடும். அப்ளிகேஷன் மூல அளவை எழுதிவிட, நடுவில் இன்னொருவர் ஜிப் செய்து சுருக்கி அனுப்பினாலும் இதே சண்டை வரும். அளவே எழுதாமல் விட்டால் இன்னொரு தொல்லை: எத்தனை சதவீதம் இறங்கியது, இன்னும் எவ்வளவு நேரம் என்று பயனருக்குத் தெரியாது. டேட்டா பேக் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்துபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பாதியில் நிற்கும் டவுன்லோடுக்கு எண்களே சாட்சி சொல்லும். எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். சரியாக 60 வினாடியில் பிழை வருகிறதா? என்ஜின்எக்ஸ், பின்னால் இருக்கும் அப்ளிகேஷனிடமிருந்து சத்தமே வராமல் காத்திருக்கும் நேரம் இயல்பாக 60 வினாடி. இரண்டு நிமிஷம் யோசித்து ரிப்போர்ட் தயாரிக்கும் அப்ளிகேஷனுக்கு அது போதாது. கிட்டத்தட்ட 1 ஜிபியில் நிற்கிறதா? அதே என்ஜின்எக்ஸ், மெதுவாக வாங்கும் பயனருக்காக ஃபைலைத் தற்காலிகமாக டிஸ்கில் சேர்த்து வைக்கும். இயல்பான வரம்பு 1024 எம்பி. அது நிரம்பியதும் அப்ளிகேஷனிடமிருந்து வாங்குவதை நிறுத்திவிடும். அப்ளிகேஷன் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய் இணைப்பை அறுத்துவிடும். வேகமான நெட் உள்ள டெவலப்பருக்கு இது வராது. மெதுவான நெட் உள்ளவருக்கு வரும். "உங்க நெட் ஸ்லோ" என்று அவரைக் குற்றம் சொல்ல எவ்வளவு வசதி பாருங்கள்! நெட் ஸ்லோ என்பது உண்மைதான். ஸ்லோ நெட்டில் 1 ஜிபிக்கு மேல் இறங்காதபடி வைத்திருப்பது யார்?

பிஹெச்பியில் முழு ஃபைலையும் ஒரே மூச்சில் மெமரியில் ஏற்றி அனுப்பினால், இயல்பான 128 எம்பி வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். 20 கேபி டெஸ்ட் ஃபைலை வைத்து லோக்கல்ஹோஸ்டில் சோதித்தவருக்கு இதெல்லாம் ஜென்மத்துக்கும் தெரியாது. "என் மெஷின்ல ஓடுதே" என்றால், உங்கள் மெஷினில் லோட் பேலன்சரும் இல்லை, பிராக்ஸியும் இல்லை, ஓசூரும் இல்லை.

நான்காவது பொய்: பெயர்

நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் ஏன் கேள்விக்குறியும் கோணல் எழுத்துமாக வருகிறது? 'அறிக்கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நாலு எழுத்து. யூனிகோடில் 7 குறியீடு. யுடிஎஃப்-8-ல் 21 பைட். அதை சதவீதக் குறி போட்டு எழுதினால் 63 எழுத்து. இதை ஹெடரில் எப்படி எழுத வேண்டும் என்று 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6266 தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாதாரண பெயர் ஒன்று, அதோடு நட்சத்திரக் குறி போட்ட யுடிஎஃப்-8 பெயர் ஒன்று, இரண்டையும் அனுப்பினால் போதும். இத்தனை வருஷம் கழித்தும் "ஃபைல் பேரை இங்கிலீஷ்ல வைங்க சார்" என்று பதில் சொல்வது நம் சோம்பல்தான். தமிழின் குறை இதில் ஒன்றும் கிடையாது. நீளத்தில் மட்டும் கவனம் தேவை. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4-ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் அது 85 குறியீடு.

கூடவே ஒரு வேடிக்கை. தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி ஃபைலை எக்செலில் நேரடியாகத் திறந்தால் குப்பையாகத் தெரியும். அதற்கு வழக்கமான மருந்து, ஃபைல் தலையில் பிஓஎம் வைப்பது. ஆமாம், மேலே ஜிப்பைக் கெடுத்த அதே மூன்று பைட்! ஓரிடத்தில் விஷம், ஓரிடத்தில் மருந்து. அதனால்தான் கூகிளில் தேடிக் கிடைத்த வரியைக் காப்பி அடிக்காமல், எதற்கு என்று புரிந்துகொண்டு போடுங்கள் என்கிறேன்.

இந்த நாலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. திறக்காத ஃபைல் பரவாயில்லை, யாராவது கத்துவார்கள். அழகாகத் திறக்கிற, ஆனால் பாதி மட்டுமே இருக்கிற ஃபைலுக்கு யார் கத்துவார்கள்?

சிஎஸ்வி ரிப்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். சர்வர் வரி வரியாக எழுதி அனுப்புகிறது. நடுவில் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துவிடுகிறது. 200 என்ற எண் ஏற்கெனவே போய்விட்டது, இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. இந்த நேரத்தில் நிரல் பிழையை மறைத்து, "முடிந்தது" என்று நல்லபடியாய் இணைப்பை மூடினால், பிரவுசருக்கு அது முழு ஃபைல். எக்செல் திறக்கும். கூட்டல் போடும். தலைப்பு வரி, நேரான பத்திகள், எல்லாம் லட்சணமாக இருக்கும். பத்தாயிரம் வரியில் நாலாயிரம் இல்லை என்று யாருக்கும் தெரியாது. அந்த ஃபைலை வைத்து யாரோ சம்பளம் போடுவார், யாரோ ஸ்டாக் எண்ணுவார்.

இந்த இடத்தில் நேர்மையான வழி ஒன்றுதான்: இணைப்பை முரட்டுத்தனமாக அறுத்துவிடுவது. ஹெச்டிடிபி 1.1-ல் துண்டு துண்டாக அனுப்பும்போது, கடைசியில் பூஜ்யம் அளவுள்ள ஒரு துண்டு வந்தால்தான் முழுமை. அது வராமல் அறுந்தால் 'முழுசா வரல' என்று பிரவுசருக்குத் தெரிந்துவிடும். டவுன்லோட் ஃபெயில் ஆகும், பயனர் திட்டுவார். திட்டட்டும். அதைவிட நல்லது, ஃபைலை முதலில் சர்வரிலேயே முழுசாகத் தயாரித்து, அளவு பார்த்து, பிறகு கொடுப்பது. கடைசி வரியில் மொத்த எண்ணிக்கையை எழுதிவிடுவது இன்னும் உத்தமம்.

"தம்பி, பயனர் பக்கம் தப்பே இருக்காதா?" என்று என் டேமேஜரே கேட்டிருக்கிறார். இருக்கும். டிஸ்க் நிரம்பியிருக்கும். ஆன்டிவைரஸ் தூக்கியிருக்கும். டவுன்லோட் மேனேஜர் ஒரே ஃபைலுக்குப் பல இணைப்பு போட்டு, ஒரு தடவை மட்டும் செல்லும் லிங்க்கைக் காலி செய்திருக்கும். பிரவுசரே காலை வாரியதும் உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 8 வரையிலான பதிப்புகளில், ஹெச்டிடிபிஎஸ் வழியாக 'சேமிக்காதே' என்ற கேஷ் ஹெடரோடு ஃபைல் வந்தால் டவுன்லோடே ஆகாது. 2011-ல் வந்த 9-ல்தான் அது சரியானது. 2018-ல் குரோம் 65 வந்தபோது, வேறு டொமைனில் உள்ள ஃபைலுக்கு லிங்க்கில் போடும் 'டவுன்லோட்' குறிப்பு செல்லாமல் போனது. நேற்று வரை வேலை செய்த பட்டன்கள் படத்தைச் சேமிப்பதற்குப் பதில் திறந்து காட்டின. ஆனால் கவனியுங்கள், இந்த இரண்டிலும்கூடப் பயனர் செய்வதற்கு ஒன்றுமில்லை. சர்வரில் ஹெடரைச் சரியாகப் போடுவதுதான் தீர்வு. பயனர் பக்கம் தப்பு என்று சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாகச் சொல்லுங்கள். முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள்.

அவசரத்தில் சரி செய்கிறேன் பேர்வழி என்று இன்னொரு பாவமும் செய்வார்கள். டவுன்லோட் முகவரியிலேயே ஃபைல் பெயரைக் கொடுத்தால் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும் நிரல். பெயருக்குப் பதில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் நாலைந்து தடவை போட்டு மேலே மேலே ஏறி, சர்வரின் கன்ஃபிக் ஃபைலையே இறக்கிக்கொள்ளலாம். எண் கொடுத்தால் ஃபைல் தரும் நிரலில், எண்ணை ஒன்று கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் பே ஸ்லிப் வரும். டவுன்லோட் வேலை செய்தால் மட்டும் போதாது. யாருக்கு வேலை செய்யக்கூடாது என்பதையும் பார்க்க வேண்டும்.

பொட்டி தட்டும் மக்களே, நான் பின்பற்றும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். புகார் வந்தால் முதலில் ஃபைலையே வாங்குங்கள், ஸ்கிரீன்ஷாட்டை அல்ல. அளவைப் பாருங்கள்: மூலத்தைவிடக் குறைவா, கூடவா, எல்லோருக்கும் ஒரே அளவா? முதல் சில பைட்டைப் பாருங்கள். சர்வரில் உள்ள மூலத்துக்கும் இறங்கியதற்கும் ஷா-256 எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு கர்ல் வைத்து, பிரவுசரே இல்லாமல், வெளி உலக முகவரியில் இருந்து இறக்கிப் பாருங்கள். எண், வகை, எடை, பெயர், நாலையும் படியுங்கள். பிறகு அதே கோரிக்கையை லோட் பேலன்சரைத் தாண்டி நேராக ஒவ்வொரு சர்வருக்கும் அனுப்பிப் பாருங்கள். எந்தப் படியில் பதில் மாறுகிறதோ அங்கேதான் வியாதி. மெதுவான நெட்டில் எப்படி என்று பார்க்க குரோமின் டெவலப்பர் கருவியிலேயே வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு. ஓசூர் போக வேண்டியதில்லை.

கட்டும்போதே செய்ய வேண்டியவை: பெரிய ஃபைலை அப்ளிகேஷன் வழியாகப் பிடித்துத் தள்ளாதீர்கள். அனுமதியை மட்டும் அப்ளிகேஷன் பார்க்கட்டும். தூக்கிக் கொடுக்கும் வேலையை என்ஜின்எக்ஸிடமோ, காலாவதி உள்ள எஸ்3 லிங்க்கிடமோ விடுங்கள். ரேஞ்ச் கோரிக்கைக்கு 206 என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுங்கள். பஸ்ஸில் போகிறவருக்கு சிக்னல் போய் வந்தால், விட்ட இடத்தில் இருந்து தொடரும். லிங்க் பக்கத்தில் ஃபைல் அளவை எழுதுங்கள். தோற்றால் தோற்றேன் என்று சொல்லுங்கள்.

இதில் எதுவுமே ராக்கெட் சயின்ஸ் இல்லை. பின் ஏன் நடப்பதில்லை? டவுன்லோட் பட்டன் என்றால் நம் ஆபீஸ்களில் ஸ்பிரிண்டின் கடைசி நாள் வேலை. "அது சும்மா ஒரு லிங்க்தானே" என்று புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் கட்டிவிடுவோம். டேஷ்போர்டில் சுற்றுகிற வட்டப்படத்துக்கு மூன்று மீட்டிங் போடுவோம். ஆனால் அந்த வட்டத்தை யாரும் பேங்க்குக்கு எடுத்துப் போவதில்லை. நம் அப்ளிகேஷனில் இருந்து ஒரு மனிதர் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவது அந்த ஃபைலை மட்டும்தான். ஹால் டிக்கெட், பட்டா நகல், சம்பளச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு என்று எதுவாகவும் இருக்கலாம். அவருக்கு அப்ளிகேஷன் என்பதே அந்த ஒரு ஃபைல்தான்.

ஆகவே சாமிகளா, அடுத்த டிக்கெட்டில் "கேஷை க்ளியர் பண்ணிப் பாருங்க" என்று தட்டப் போகும் முன், அந்த ஃபைலை ஒரு தடவை நோட்பேடில் திறந்து பார்த்துவிடுங்கள். பயனர்களே, அதே பதில் உங்களுக்கு வந்தால், "ஃபைல் உங்க சர்வர்ல எத்தனை கேபி? எனக்கு இத்தனை கேபிதான் வந்திருக்கு" என்று மட்டும் கேளுங்கள். எதிர்முனை கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு யாராவது உண்மையிலேயே பார்ப்பார்கள்.

டிஸ்கி: கேஷை அழித்தால் நிஜமாகவே சரியாகும் கோளாறுகளும் உண்டு. பழைய ஃபைலையே திரும்பத் திரும்பக் காட்டினால் அது கேஷ் வேலையாக இருக்கலாம். அதற்கும் சர்வரில் கேஷ் ஹெடரை ஒழுங்காகப் போடாதவர்தான் பொறுப்பு :-)